வழக்குத் தீர்தலும் பகை தீர்தலும்

மக்கள் கூடி வாழும் உலகின்கண் வழக்கு இல்லாத காலம் ஒன்று இருந்ததாகக் கூறுதல் இயலாது. நிலத்தெல்லை, கிணற்று நீர், தந்தை வைத்த பொருள், கூட்டு வாணிகத்தின் ஊதியம், கொண்ட கடன், கொடுத்த சீர் என்றித் தொடக்கத்தனவற்றைப் பற்றி இருவர் மாறுபடுதல் எந்நாட்டிலும் எக்காலத்தும் நிகழ்வதே. அம்மாறுபாடு எழுந்தவழிச் செய்யத்தக்கது யாது என்பது பற்றியே இருவேறு கருத்துக்கள் வழங்குகின்றன. ஒரு சாரார், "உற்றாரோடும் உடன் வாணிகஞ் செய்தாரோடும் வழக்காடுதல் பெரும்பழி, பொருள் போயினும் போகுக, விட்டுக் கொடுத்து அமைதலே அறம்" என்பர். மற்றொரு சாரார், "உரிமையை விட்டுக் கொடுத்தல் தீயோனுக்குத் துணைபோதலாம்; இறுதிவரை வழக்காடித் தீர்ப்புப் பெறுதலே அறம்" என்பர். ஒரு தங்கையின் பங்கும், ஒரு கைம்பெண்ணின் வீடும், தந்தையை இழந்த ஒரு சிறுவனின் கல்வியும் இவ்வினாவின் விடையைப் பொறுத்தே நிற்றலும் வீழ்தலும் உண்டாதலின், இவ்விரண்டனுள் எது மெய்ந்நெறி நிற்பார்க்கு ஏற்புடைத்து என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் வழக்கின் வேர் யாது என்று காண்டல் வேண்டும். ஒவ்வொரு வழக்கிலும் இரண்டு உள்ளன. ஒன்று வழக்கிடப்பட்ட பொருள். மற்றொன்று அப்பொருளைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஆணவம். ஆணவத்தின் இயல்பை விளக்கப் புகுந்த சித்தாந்த ஆசிரியர்கள் அதனை இருளினும் கொடிதென்பர். புறத்திருள் பிற பொருள்களை மறைப்பினும் தான் இருளென்பதையேனும் காட்டி நிற்கும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக் கொள்ளும். ஆகலின், சினத்தால் வழக்காடுவோன் தான் சினத்தால் வழக்காடுகின்றான் என்பதை அறியான். நீதியின் பொருட்டே ஆடுகின்றேன் என்று உளமார நம்புவன். இஃது அவன் சொல்லும் பொய்யன்று; அவனுக்கே தெரியாத மறைப்பு என்க.

இரண்டு முழ அகலமுள்ள சந்து ஒன்றன் பொருட்டு உடன்பிறந்தார் இருவர் முன்சீப் நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என ஏறிச் செல்லும் வழக்குக்களை யாவரும் அறிவர். அச்சந்தின் விலையினும் பன்மடங்கு வக்கீற் கூலிக்கும் போக்குவரவுக்கும் செலவாகியிருக்கும். வழக்குத் தொடுத்த இருவரும் இறந்து, அவர்தம் மக்கள் வாதியும் பிரதிவாதியுமாய்ப் பெயர் சேர்க்கப்பெற்றிருப்பர். அம்மக்கட்கு அச்சந்தாற் பயனொன்றும் இராது. ஆயினும் விடார். ஏன்? அவர்கள் வேண்டுவது சந்தன்று. "தவறு அவன்மேலது" என்று பிறர் வாயாற் கேட்டலையே வேண்டுகின்றனர். அச்சொல்லை எந்தத் தீர்ப்பும் அவர்கள் உள்ளம் நிறையும்படி கூறமாட்டாது. நீதிபதி சந்தினை அளந்து கொடுக்கலாம். ஆணவத்தை அளந்து அறுக்கும் கோல் அவர்பால் இல்லை.

அற்றேல், வழக்கெல்லாம் ஆணவத்தின் விளைவே ஆகலின் வழக்காடுவோர் யாவரும் குற்றமுடையர் எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. இறைவனே வழக்குரைக்க மன்றம் ஏறினான் என்று கூறும் வரலாறுகள் இரண்டு சைவப் புராணங்களில் உள்ளன. அவ்விரண்டும் நீதிநூலாரும் கற்கத்தக்கன.

முதலாவது, பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்திற் சேக்கிழார் பெருமான் விரித்தது. புத்தூரில் நம்பியாரூரர் மணக்கோலத்தோடு வீற்றிருந்தபொழுது முதிய வேதியர் ஒருவர் வந்து, தமக்கும் மணமகனுக்கும் பழைய வழக்கொன்று உளதென்றும், அதனை முடித்த பின்னரே மணம் நிகழ வேண்டுமென்றும் கூறினார். மணமகனின் பாட்டனார் தமக்கு வழிவழி அடிமையென எழுதித் தந்த ஓலை உண்டென்றார். நம்பியாரூரர் வெகுண்டு அவ்வோலையைப் பற்றிக் கிழித்தெறிந்தார். முதியவர் அது படியோலையே என்றும், மூலவோலை உளதென்றும் கூறித் திருவெண்ணெய்நல்லூர் அவையினரிடம் முறையிட்டார்.

அவ்வவை செய்தவற்றை வரிசைப்படக் காண்க. வேதியர் வேதியர்க்கு அடிமையாதல் உலகில் வழங்காத முறையாயிற்றே என்று முதலில் ஐயுற்றது. எனினும், வழங்காதது ஆகலின் பொய் என்று தள்ளிவிடவில்லை. ஆட்சி, ஆவணம், சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றினால் நாட்டுக என்றது. முன்னர் ஓர் ஓலை கிழிபட்டமையின், மூலவோலையைக் காட்டின் அதற்குத் தீங்கு நேராமற் காத்தற்கு அவை பொறுப்பேற்றது. ஓலையைக் கரணத்தான் படித்தபின், பாட்டனாரின் கைச்சாத்தினை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டது. இரண்டும் ஒத்தன. மணக்கோலத்து இளைஞன் என்று இரங்காமலும், புதிதாய் வந்த கிழவர் என்று இகழாமலும், "வழக்கில் நீர் தோற்றீர்" என்று நம்பியாரூரர்க்கு உரைத்தது. அவரும் அதற்கு உடன்பட்டு முதியவரைப் பின்தொடர்ந்தார். முதியவர் திருவருட்டுறைக் கோயிலுட் புகுந்து மறைய, வழக்கிட்டவர் யாரென்பது விளங்கிற்று.

இவ்விடத்து ஒன்று சிந்திக்கற்பாலது. அவ்வவையினர் சமாதானம் ஒன்றையே விரும்பினாராயின் எளியதொரு வழி இருந்தது. "பெரியீர், மணநாளில் இடையூறு செய்யற்க, சிறிது பொருள் பெற்றுக்கொண்டு செல்லுக" என்று முதியவரை அனுப்பியிருக்கலாம். மணமும் நிகழ்ந்திருக்கும், சுற்றமும் மகிழ்ந்திருக்கும். ஆனால் ஆட்கொள்ளுதல் நிகழ்ந்திராது. சுந்தரமூர்த்தி நாயனாரின் தேவாரமும் உலகிற்குக் கிடைத்திராது. உண்மையைத் தெளியாது செய்யும் சமாதானம் எத்துணைப் பெரும்பேற்றை இழப்பிக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. தோற்றவரே பேறு பெற்ற வழக்கு இது. யார்க்கும் ஆளல்லேன் என்னும் தற்போதம் தோற்றது, உயிர் வென்றது. பின்னாளிற் சிவஞானபோதம் அருளிய மெய்கண்ட தேவர் வாழ்ந்த ஊரும் அத்திருவெண்ணெய்நல்லூரே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இரண்டாவது, பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்துள் மாமனாக வந்து வழக்குரைத்த படலத்திற் கூறியது. மதுரையில் தனபதி என்னும் வணிகர் மகப்பேறின்றித் தம் தங்கையின் மகனையே தம் மகனாக வளர்த்தார். தங்கை ஒருநாள் பிணங்கி, அவர் மகப்பேறு இல்லாமையைக் குத்திக் காட்டினாள். அவர் உள்ளம் நொந்து, பொருள் அனைத்தையும் மருகனுக்கே உரியதாக்கிவிட்டு, மனைவியோடு தவஞ்செய்யச் சென்றார். அவர் சென்றபின் தாயத்தார் அப்பொருளைக் கவர்ந்துகொண்டனர். துணையற்ற தாய் சோமசுந்தரக் கடவுள் திருமுன் சென்று முறையிட்டாள். அவர் கனவில் தோன்றி, தாயத்தாரை மன்றத்திற்கு அழைக்குமாறும், தாம் வந்து வழக்கைத் தீர்ப்பதாகவும் அருளினார். மறுநாள் தனபதியின் வடிவிலேயே மன்றத்தில் தோன்றிச் சிறுவனைத் தழுவிக்கொண்டார். "இவர் தனபதி அல்லர்" என்று தாயத்தார் மறுத்தபொழுது, அவர்தம் குடி, பெயர், உறவு, செயல் அனைத்தையும் பிழையின்றிக் கூறி நிறுவினார். தாயத்தார் அஞ்சி அகன்றனர். பொருள் சிறுவனுக்கு ஆயிற்று, வந்தவர் மறைந்தருளினார்.

இங்கே அத்தாய், "உறவினரோடு வழக்கெதற்கு? அவர்களே உண்டு வாழ்க" என்று அமைந்திருக்கலாகாதோ எனின், ஆகாது. அப்பொருள் அவளுடையது அன்று, சிறுவனுடையது. அவள் அதற்குக் காவலளே அன்றி உடையவள் அல்லள். தன் பொருளைத் தான் விடுதல் துறவு. மகன் பொருளைத் தான் விடுதல் காவற்குற்றம். இவ்வேறுபாட்டை அறிவித்தற்கே, விட்டுக்கொடு என்று அறிவுரை கூறாமல், வழக்கிடுக என்று இறைவன் கட்டளையிட்டருளினான் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இவ்விரு வரலாற்றானும் இரண்டு விதிகள் பெறப்படுகின்றன. உண்மை தெளிந்த பின்னரே விட்டுக்கொடுத்தல் அறமாகும் என்பது ஒன்று. தனக்குரியதை விடலாமே அன்றிப் பிறர்க்குரியதை விடுதற்கு எவர்க்கும் உரிமையில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் காக்கப்பட்டவழிச் சமரசம் தீர்ப்பினும் உயர்ந்தது. இவை காக்கப்படாதவழிச் சமரசம் என்பது வலியோன் வெற்றிக்கு இட்ட மங்கலப் பெயரே.

முதல் விதி நடைமுறையில் எங்ஙனம் இயலும் என்பதற்குக் காந்தியடிகளின் வாழ்க்கையில் நிகழ்ந்த வழக்கொன்று தக்க சான்றாகும். 1893-ஆம் ஆண்டில் அவர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது தாதா அப்துல்லா என்னும் வணிகரின் வழக்கின் பொருட்டே. எதிரியாகிய தையிப் சேட்டும் வணிகர். தாதா அப்துல்லாவுக்கு நெருங்கிய உறவினர். வழக்கிட்ட தொகை 40,000 பவுன். வழக்கு நீடிப்பின் இரு திறத்தாரும் செலவினாற் கெடுவர் என்று கண்ட காந்தியடிகள், நடுவர் ஒருவரிடம் வழக்கை ஒப்புவிக்குமாறு இருவரையும் இசைவித்தார். நடுவர் இரு பக்கமும் கேட்டுத் தாதா அப்துல்லாவுக்கே தீர்ப்பளித்தார். தையிப் சேட் கொடுக்க வேண்டியது 37,000 பவுனும் செலவுத்தொகையும் என்றாயிற்று. அத்தொகையை ஒருங்கே கொடுப்பின் அவர் முறிந்து போவார். வணிகர் முறிதலை இறத்தலினும் இழிவாகக் கருதிய குடியினர் அவர். அதன்மேற் காந்தியடிகள் வென்றவரிடஞ் சென்று, நெடுங்காலத் தவணையிற் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். தாதா அப்துல்லாவும் இணங்கினார். தவணைக்கு அவரை இணங்குவித்தல், நடுவரிடம் செல்ல இருவரையும் இசைவித்ததினும் அரிதாயிற்று என்று காந்தியடிகள் தம் சத்திய சோதனையுள் எழுதியுள்ளார். பிரிந்தவரைக் கூட்டுதலே வழக்கறிஞர் தொழிலின் உண்மைப் பயன் என்று தாம் உணர்ந்ததும் அப்பொழுதே என்பர்.

இந்நிகழ்ச்சியின் வரிசை கருதத்தக்கது. கடன் உண்டா, இல்லையா என்பது முதலில் தெளியப்பட்டது. அதன் பின்னரே இரக்கம் வந்தது. இரக்கம் முன்னே வந்து, "இருவரும் பாதி பாதியாகக் கொள்ளுக" என்றிருப்பின், ஒருவர்க்குத் தம் பொருள் போயிற்றென்னும் நோயும், மற்றவர்க்குத் தாம் கடன்படாதார் என்னும் பொய்யும் எஞ்சியிருக்கும். உண்மை முன்னும் இரக்கம் பின்னும் வந்தமையின், வென்றவர் கொடுத்தார் ஆயினர். தோற்றவர் மானம் காக்கப்பட்டார் ஆயினர். வழக்கும் தீர்ந்தது, பகையும் தீர்ந்தது.

பகையைத் தீர்க்கும் இம்முறை தமிழகத்திற்குப் புதிதன்று. வேட்டைக்குச் சென்றவன் எய்த அம்பு குறி தவறி ஒருவன்மேற் பட, அவன் இறந்துபட்டான் என்னும் செய்தி சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் பலவற்றிற் காணப்படும். ஊரவரும் நாட்டவரும் கூடி ஆராய்ந்து, கொலை கருதிச் செய்ததன்று என்று தெளிந்தவிடத்து, எய்தவனைக் கொல்லாமல், இறந்தவன் பொருட்டுத் திருக்கோயிலில் நந்தாவிளக்கு எரிக்குமாறு விதித்தனர். நந்தாவிளக்கு ஒன்றற்கு 96 ஆடுகள் விடுதல் அக்காலத்துப் பெருவழக்கு. அவ்வாட்டின் நெய்யால் விளக்கு எரியுமளவும் இறந்தவன் மறக்கப்படான். எய்தவனும் தன் பிழையை மறவான். இரு குடியும் ஒரே சந்நிதியில் நிற்கும். இங்கும் ஆராய்ச்சி முன்னது. அருள் பின்னது என்பது அறிக.

இக்காலத்து அரசும் சட்டமும் இந்நெறியை நோக்கியே மெல்ல மெல்ல நடந்து வருகின்றன. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 89-ஆம் பிரிவு 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் புதிதாக அமைக்கப்பெற்று, 2002-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. இணக்கத்திற்கு இடமுண்டென்று காணும் நீதிமன்றம் வழக்கினை நடுவரிடமோ, சமரசரிடமோ, மக்கள் நீதிமன்றத்திற்கோ அனுப்பலாம் என்பது அதன் கருத்து. சென்னை உயர்நீதிமன்றத்திற் சமரசத் தீர்வு மையம் 2005-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் இசைந்து முடித்த முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பாகும். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். குடும்ப நீதிமன்றங்கள் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழக்கின் தொடக்கத்திலேயே இணக்கத்திற்கு முயலும் கடமையுடையன.

வணிகர்க்கும் இவ்வாறே. மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வாணிக வழக்கினை, உடனடித் தடையாணை முதலியன வேண்டப்படாதவிடத்து, முதலிற் சமரசத்திற்கு முயன்ற பின்னரே தொடுக்க வேண்டும் என்று வாணிக நீதிமன்றச் சட்டம் 2018-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்றது. அதற்குரிய காலம் மூன்று திங்கள். இருவரும் இசையின் மேலும் இரண்டு திங்கள். இவ்விதி கட்டாயமானதே என்று உச்ச நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. சமரசத்திற்கென்றே தனிச்சட்டமொன்றும் 2023-ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்தால் இயற்றப்பெற்று, அதன் பிரிவுகளிற் சில அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 9-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தன.

சமரசர் செய்வது யாதெனின், கூறுதும்: அவர் தீர்ப்பளிப்பதில்லை. இருவரையும் ஒருங்கே இருத்தி ஒவ்வொருவர் கூற்றையும் மற்றவர் கேட்கச் செய்வர். பின்னர்த் தனித்தனியே அழைத்துப் பேசுவர். தனியே கூறியதனைக் கூறினார் இசைவின்றி மற்றவர்க்கு உரையார். இணக்கம் உண்டாகாவிடின், அங்குப் பேசியவை வழக்கிற் சான்றாக வருதலும் இல்லை. உண்டாயின், இருவரும் எழுதிக் கையொப்பமிடுவர். இம்முறையின் நுட்பம் ஆணவத்தின் இயல்பை அறிந்தார்க்கு எளிதில் விளங்கும். பலர் முன்னிலையில் "பிழைத்தேன்" என்று கூற நாணும் நெஞ்சம், தனியறையில் அன்புடையார் ஒருவர் முன்னிலையிற் கூறும். அவ்வொரு சொல் வெளிப்பட்ட நாழிகையே வழக்கின் பாதி தீர்ந்துவிடும். சந்துக்கு வழக்காடிய உடன்பிறந்தார், தந்தையின் இறுதிக்கடனுக்கு ஒருவர் ஒருவரை அழையாமையே நோயின் தோற்றமென்று அத்தனியறையிற் கூறக்கூடும். பிராதில் அந்நோய் ஒரு வரியேனும் எழுதப்பட்டிராது.

இங்ஙனம் சமரசத்தின் சிறப்பைக் கூறியதனானே அதன் தீங்கு மறக்கற்பாலதன்று. தமிழ்நாட்டுக் குடும்பங்களிற் சமாதானம் என்னும் பெயரால் நாடோறும் நிகழும் அநீதி ஒன்றுண்டு. தந்தை இறந்தபின் பாகப்பிரிவினைக் காலத்தில், மணமாகிச் சென்ற மகளை அழைத்து, "பிறந்த வீட்டின் வாயில் உனக்கு என்றும் திறந்திருக்க வேண்டுமாயின் விடுதலைப் பத்திரத்திற் கையொப்பமிடு" என்பர். சில பவுன் நகையும் ஒரு பட்டுப்புடவையும் கொடுத்துப் பல லட்சம் பெறுமதியுள்ள பங்கினை எழுதி வாங்குவர். அவளும் உடன்பிறந்தார் முகங்கோணுமே என்று அஞ்சிக் கையொப்பமிடுவள். ஊரார், "என்ன நல்ல பெண்! வழக்கு வம்பில்லாமல் முடித்தாள்" என்று புகழ்வர். அப்புகழே அவள் வாயை அடைக்கும் பூட்டாகும்.

சட்டம் அவள் பக்கமே நிற்கின்றது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பாலுரிமை உண்டென்று தமிழ்நாடு 1989-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் முதற் கொண்டு விதித்தது. அந்நாளைக்கு முன் மணமானவர்க்கு அது பொருந்தவில்லை. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தம் மகளிர் அனைவர்க்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. அந்நாளில் தந்தை உயிரோடிருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை என்று 2020-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவித்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாளுக்கு முன்னரே முறையாக முடிந்த பாகப்பிரிவினைகள் மட்டும் கலைக்கப்படா. சட்டம் இத்துணைத் தெளிவாயிருந்தும், உரிமையை அறியாதவளிடம் பெறும் கையொப்பம் எங்ஙனம் விட்டுக்கொடுத்தல் ஆகும்? தனக்கு உண்டென்று அறிந்தபின் விடுதலே விடுதல். அறியாதவள் விட்டது ஒன்றுமில்லை. அவளிடமிருந்து எடுக்கப்பட்டதே உண்டு.

குடும்ப ஏற்பாடுகளை நிலைநிறுத்தவே நீதிமன்றங்கள் விரும்புகின்றன. எனினும், 1976-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அத்தகைய ஏற்பாட்டிற்கு இலக்கணம் வகுத்தவிடத்து, அது தூய எண்ணத்தோடு செய்யப்பட்டதாகவும், நேர்மையான பங்கீடாகவும், வஞ்சனையோ வற்புறுத்தலோ இன்றி அவரவர் விருப்பத்தால் நிகழ்ந்ததாகவும் இருத்தல் வேண்டும் என்றது. விடுதலைப் பத்திரம் எழுதுமுன் ஒவ்வொரு தமையனும் இவ்விலக்கணத்தைத் தன் நெஞ்சிற்கு உரைத்துப் பார்ப்பானாக. "இவளுக்குரிய பங்கு இத்துணை, இதனை விடுதலும் கொள்ளுதலும் இவள் விருப்பம், கொள்ளினும் என் வீட்டு வாயில் அடையாது" என்று கூறிய பின்னரும் அவள் விடுவாளாயின், அஃது அன்பின் கொடை. அச்சொற்களைக் கூற நா எழாதாயின், அவன் பெறுவது தங்கையின் பொருளே அன்றித் தங்கையின் அன்பு அன்று.

பிறர்க்குரியதை விடலாகாது என்னும் இரண்டாம் விதியையும் சட்டம் போற்றுகின்றது. இளையோன் பொருட்டு வழக்காடும் காவலர், நீதிமன்றத்தின் இசைவு பெறாமல் அவ்வழக்கில் உடன்படிக்கை செய்யலாகாது என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்து விதி. மதுரைத் தாயின் நிலை இதுவே என்பது வெளிப்படை. இளையோர், திருக்கோயில் மூர்த்திகள், மனவளர்ச்சி குன்றியோர் ஆகியோர்க்கு எதிரான வழக்குக்கள் நீதிமன்றத்தின் காவலை வேண்டுவன ஆகலின் சமரசத்திற்கு அனுப்பத்தக்கன அல்ல என்று 2010-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வகைப்படுத்திற்று. கோயில் நிலத்தைக் கவர்ந்தவனோடு அறங்காவலர் முகதாட்சிணியத்தாற் சமாதானம் பேசுதல் எவ்வாற்றானும் தகாது. அந்நிலம் அவர்க்கு உரியதன்று. பேச வாயில்லாத உடையவர் கருவறையுள் இருக்கின்றார்.

பெருவணிகர்க்கும் இவ்விதியினின்று நீங்குதல் இல்லை. திருபாய் அம்பானி 2002-ஆம் ஆண்டில் இறுதி ஆவணம் எழுதாமல் மறைந்தபின், அவர் மக்கள் இருவர்க்கும் எழுந்த பிணக்கினை 2005-ஆம் ஆண்டில் தாயாரே முன்னின்று தீர்த்து, தொழில்களைப் பிரித்துக் கொடுத்தார். அக்குடும்ப உடன்படிக்கையில் இயற்கை எரிவாயுவை இன்ன விலைக்குக் கொடுப்பது என்னும் செய்தி பின்னர் வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த தீர்ப்பு, குடும்பத்தினர் தமக்குள் எழுதிக்கொண்டது பங்குதாரர் பலரையுடைய நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்றும், எரிவாயு நாட்டின் செல்வமாதலின் அதன் விலை அரசின் நெறிக்கு உட்பட்டது என்றும் கூறிற்று. தாய் முன்னின்று செய்த சமாதானமேயாயினும், மேசையில் இல்லாதாரின் பொருளை மேசையில் இருப்பார் பங்கிடலாகாது என்பதே அதன் சாரம். உடன்பிறந்தார் இருவரும் அம்மாதத்திலேயே தமக்குள் இருந்த போட்டித்தடை உடன்படிக்கையை நீக்கிக் கொண்டு இணக்கம் அறிவித்தனர். உரிமை தெளிந்தபின் இணக்கம் எளிதாயிற்று என்பதும் இதனாற் புலப்படும்.

ஆகலின், வழக்கு நேர்ந்த நன்மக்கள் தம்மைத் தாமே வினாவத்தக்க வினாக்கள் மூன்று. வழக்கிட்ட பொருள் எனக்கே உரியதோ, யான் காவலனாய் நிற்கும் பிறர்க்கு உரியதோ? இரு பக்கத்து ஓலையும் சொல்லும் அஞ்சாது வெளிப்படுத்தப்பட்டு உண்மை தெளிந்ததோ? தெளிந்த பின்னரும் யான் வேண்டுவது பொருளோ, அன்றி அவன் தலை தாழக் காண்டலோ? முதல் வினாவிற்குப் பிறர்க்குரியது என்பது விடையாயின், அஞ்சாது மன்றம் ஏறுக. இரண்டாவதற்கு இன்னும் தெளியவில்லை என்பது விடையாயின், விட்டுக்கொடுத்தலைப் பற்றிப் பேசுதற்குக் காலம் இன்னும் வரவில்லை என்று அறிக. மூன்றாவதற்கு அவன் தலை தாழ்தல் என்பது விடையாயின், அவ்வழக்கு நீதிமன்றத்தின் எல்லையைக் கடந்துவிட்டது. அதற்குரிய மன்றம் வழக்கிட்டவன் நெஞ்சமே.

இடைநின்று தீர்ப்பார்க்கும் கடமையுண்டு. இருவருள் மெலியார் யார் என்று முதலிற் காண்க. அவர் ஓலை கிழிபடாமற் காக்க. திருவெண்ணெய்நல்லூர் அவை முதியவர்க்குச் செய்ததும் அதுவே. அடிபட்ட மனைவியை, "குடும்ப மானம்" என்று கூறி அடித்த கணவன் வீட்டிற்கே திருப்பி அனுப்புதல் சமரசமன்று. அவளைக் காத்தலே முதற்கடன். கடன்பட்ட சிறு வணிகனைப் பெரு வணிகனின் வக்கீல் கூட்டத்தின் நடுவே தனியே இருத்திக் கையொப்பம் வாங்குதலும் சமரசமன்று. தராசின் ஒரு தட்டிற் கை ஊன்றியிருப்பதைக் கண்டும், முள் நேரே நிற்கின்றது என்று கூறுவார் நடுவர் ஆகார்.

வென்றார்க்கும் தோற்றார்க்கும் இறுதியில் ஒவ்வொரு கடன் எஞ்சி நிற்கும். வென்றவன், தீர்ப்புப் பெற்ற அன்றே ஜப்திக்கு ஆள் அனுப்பாமல், தவணைக்கு இடங்கொடுத்தல் தாதா அப்துல்லா செய்தது. தோற்றவன், உண்மையால் தோற்றமையை இழிவென்று கருதாமற் பின்தொடர்தல் நம்பியாரூரர் செய்தது. முன்னதற்குக் கை தளர வேண்டும். பின்னதற்கு ஆணவம் தளர வேண்டும். தீர்ப்பெழுதும் கோல் அவ்விரண்டிற்கும் எட்டாது. அவரவர் அறிந்து, அவரவர் விரும்பிச் செய்தற்குரியன அவை. அவை செய்யப்பட்டவிடத்து, வழக்குத் தீர்ந்த வீட்டின் திருமணத்திற்கு எதிர்வழக்காடிய வீட்டார் பாக்குவெற்றிலையோடு வருவர். அந்நாளே வழக்குத் தீர்ந்த நாள் என்று கணக்கிடத்தக்கது.